ஆற்றில் விட்ட வேட்டி

மதுரை
14-10-1935

அன்புள்ள அக்கா,

பதினான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். அம்மாவின் ஆண்டுப் பூசைக்கு நான் வராததை நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அன்று எனக்கு வழக்கு இருந்தது என்று திரும்பவும் சொல்லி உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள விரும்பவில்லை. இப்போது எழுதுவது ஒரு காரியமாக.

கோம்பையில் கருத்தக்கண்ணன் என்று ஒரு சம்சாரி. நிலம் நீச்சு உள்ளவர். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் வேளையில், வாய்க்கால் மடையருகே தன் பங்காளி தங்கபாண்டியை வெட்டிக் கொன்றார் என்று வழக்கு. இருவருக்கும் தண்ணீர் முறையில் நெடுநாள் தகராறு. பார்த்ததாகச் சொல்பவன் ஒருவன்தான். வயல்களுக்கு முறைப்படி தண்ணீர் திருப்பிவிடும் நீர்பாய்ச்சி, சுருளியாண்டி. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி இங்கே செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை. கருத்தக்கண்ணனுக்கு நான் வக்கீல்.

அவர் சொல்வது இது. வெள்ளிக்கிழமை மதியமே வண்டி கட்டிக் குச்சனூர் சனி கோயிலுக்குப் போய்விட்டாராம். அங்கேயே தங்கி, சனிக்கிழமை விடியலில் ஆற்றில் குளித்து, சனி தொலைய வேண்டுமென்று உடுத்தியிருந்த வேட்டியை எல்லாரையும் போல ஆற்றோடு விட்டுவிட்டு, புது வேட்டி கட்டிச் சாமி பார்த்துத் திரும்பினாராம். கூடவே ஒரு செவலைக் கோம்பை நாய். வெள்ளி மாலை அவரைக் குச்சனூரில் பார்த்தவர் ஒருவர் கிடைத்தால் போதும், வழக்கு முடிந்தது. உன் பள்ளிக்கூடத்துக்கும் குச்சனூருக்கும் இரண்டு மைல். அங்கே கடை வைத்திருப்பவர்களெல்லாம் உன்னை அறிவார்கள். விசாரித்து எழுது.

உன் தம்பி,
பிலவேந்திரன்

*

21-10-1935

சேசு மரி சூசை

தம்பி பிலவேந்திரனுக்கு,

இந்த மூன்று பெயரையும் கடிதத்தின் தலையில் எழுத மறந்துவிட்டாய். கோர்ட்டுக் காகிதம் எழுதி எழுதிக் கை அப்படிப் பழகிவிட்டது போலும். சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கை தேய்ந்தா போகும். காரியம் என்றதும் அக்கா நினைவு வந்ததே, அதற்குச் சந்தோஷம். நான் சௌக்கியம். முட்டிவலி இருக்கிறது.

சனிக்கிழமை பள்ளி இல்லை. குச்சனூர் நடந்து போனேன். கோயில் வாசலில் எள்ளும் எண்ணெயும் விற்கும் பொன்னாத்தாள் என்னிடம் நன்றாகப் பேசுவாள். நாயைச் சொன்னதும் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"வெள்ளிக்கெழம கடைய எடுத்து வைக்கிற மட்டும் நான் இங்கனதான் ஒக்காந்திருந்தேன் டீச்சரம்மா. நாயோட யாரும் வரல. மறுநா விடியக்காலைலதான் வந்தாக. மாடு நுரை தள்ளிப் போச்சு. வண்டிய விட்டு எறங்கினதும் நேரா ஆத்துக்குப் போனாக. எல்லாரும் எங்கிட்ட எள்ளு வாங்கிட்டுத்தான் எறங்குவாக. இவுக எங்கிட்டத் திரும்பிக்கூடப் பாக்கல. அதான் நெனவிருக்கு."

சத்திரத்தில் கேட்டேன். வெள்ளி இரவு நாயோடு யாரும் தங்கவில்லை என்கிறார்கள். இது உனக்கு உதவாது என்று நினைக்கிறேன். உன் கட்சிக்காரர் சொன்னதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அவரிடமே கேள்.

அக்கா,
மதலேனாள்

*

மதுரை
29-10-1935

அன்புள்ள அக்கா,

உன் முட்டிவலிக்கு இங்கே நல்ல தைலம் கிடைக்கிறது, அனுப்புகிறேன்.

பொன்னாத்தாள் வேண்டாம். அவளை யாரும் கூப்பிடப் போவதில்லை. கட்சிக்காரரிடம் மீதிப் பாதியைக் கேள் என்கிறாய். கொலை வழக்கில் வக்கீல் அதைக் கேட்பதில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தபின் வாயைத் திறந்து வாதாட முடியாது. எங்களுக்குள் அது ஒரு நடைமுறை. நீ சிரிப்பாய்.

வேறு வழி கிடைத்திருக்கிறது. செத்தவன் கைப்பிடிக்குள் ஒரு சாண் நீளத்துக்கு வேட்டிக் கரை கிழிந்து இருந்தது. சிவப்பும் பச்சையுமான கரை. போலீசார் கருத்தக்கண்ணன் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் கிழிந்த வேட்டி கிடைக்கவில்லை. அந்த வேட்டி எங்கே என்று ஒரே கேள்வியைத்தான் கோர்ட்டில் கேட்கப் போகிறேன். அதோடு சுருளியாண்டிக்கும் செத்தவன் மேல் பகை உண்டு. போன வருஷம் தங்கபாண்டி அவனை மடையில் வைத்து அறைந்திருக்கிறான். சம்பவ இடத்தில் மண்வெட்டியோடு நின்றவனும் அவனே. வெட்டியவன் அவன்தான் என்று ஜட்ஜுக்குத் தோன்ற வைத்தால் என் வேலை முடிந்தது.

கட்சிக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஜெயிலில் அவரைப் பார்த்துவிட்டு வந்தால் எனக்கு இரண்டு நாள் நிலைகொள்ளவில்லை. மரியாதையான மனிதர். குரல் உயர்த்த மாட்டார். தூக்கு விழுமா என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. "செவலைக்குச் சோறு வைக்கிறாகளா" என்றுதான் கேட்கிறார். தங்கபாண்டியின் பெயரை எடுத்தால் கொட்டாவி விடுகிறார்.

பிலவேந்திரன்

*

9-11-1935

சேசு மரி சூசை

தம்பிக்கு,

தைலம் வந்தது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் பதில் தாமதம்.

குச்சனூர் ஆற்றில் விடும் துணி எங்கே போகிறது என்று நீ யோசித்ததுண்டா? கோம்பைக்காரர் யோசித்திருக்க மாட்டார். சனி பிடித்த துணியை எவனும் தொடமாட்டான் என்று அவருக்கு அசையாத நம்பிக்கை. அங்கே விட்டது இரண்டு மைல் மிதந்து வந்து நம் ஊர் மதகுக் கம்பியில் சிக்கும். நம் ஊரில் இருப்பதெல்லாம் வேதக்காரர்கள், நமக்கு ஏது சனி. நம் பெண்கள் பொறுக்கி வந்து அலசிப் போடுவார்கள். நான் அதைக் கொதிக்க வைத்து, தையல் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு நாடாவாக வெட்டி, மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணியாக அனுப்புகிறேன். மூன்று வருஷமாக நடக்கிறது. உனக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை.

இந்த ஆடியில் வந்ததில் ஒரு வேட்டி நல்ல நயமாக இருந்தது. வெட்ட மனம் வராமல் எடுத்து வைத்தேன். உவர்மண் போட்டும் போகாத கறை ஒன்று தவிட்டு நிறத்தில் இருந்தது. வாழைக்கறை என்று நினைத்துக்கொண்டேன். சிவப்புப் பச்சைக் கரை. அதில் ஒரு சாண் இல்லை. மூலையில் வண்ணார் சேங்கொட்டை மையில் போட்ட குறி இருக்கிறது. ஒரு பிறை, அதன் கீழ் மூன்று புள்ளி.

வீட்டுக்கு வீடு குறி வேறு என்பது உனக்குத் தெரியும். உன் கட்சிக்காரர் உடுப்பில் என்ன குறி இருக்கிறது என்று பார்த்து எழுது. வேட்டியை ஆற்றில் விட்டார் என்று எழுதியவனும் நீதான், வேட்டி எங்கே என்று கேட்கப் போகிறவனும் நீதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க உனக்குத் தோன்றவே இல்லையா? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா, தம்பி?

மதலேனாள்

*

மதுரை
13-11-1935

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. இன்று காலை ஜெயிலுக்குப் போனேன். அவர் தோளில் துண்டு போட்டிருந்தார். பிறை, மூன்று புள்ளி.

எனக்குத் தோன்றாமல் இல்லை. முதல் நாளே தோன்றியது. தோன்றியதும் வேறு காகிதத்தைப் புரட்டினேன்.

சட்டம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கட்சிக்காரர் என்னிடம் சொன்னதை நான் வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் சன்னது போய்விடும், அப்புறம் நான் கோர்ட்டுப் படி ஏற முடியாது. அவர் வேட்டியை ஆற்றில் விட்டதை உனக்கு எழுதியதே குற்றம். கூடப் பிறந்தவளுக்குத்தானே என்று எழுதிவிட்டேன். அந்த முதல் கடிதத்தைக் கிழித்துவிடு.

வேட்டி உன் கையில் இருக்கிறது. அதை எரி என்று சொல்லமாட்டேன். போலீசில் கொடு என்றும் நான் சொல்ல முடியாது. விசாரணை முடியும்வரை யாரிடமும் வாய் திறக்காமல் பொறுத்துக்கொள். இதை மட்டும் கேட்கிறேன்.

பிலவேந்திரன்

*

23-11-1935

சேசு மரி சூசை

தம்பிக்கு,

வியாழக்கிழமை பள்ளிக்கு இரண்டு பேர் வந்தார்கள். மலையாளத்துக் காகித மில்லுக்குப் பழந்துணி சேர்க்கிறார்களாம். துணி மூட்டை இருக்குமே என்று கேட்டார்கள். நான் வகுப்பிலிருந்து எழுந்து வருவதற்குள் பிள்ளைகள் மூன்று சாக்கையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் அதைக் காகித மில்லுக்குக் கொண்டுபோகவில்லை. ஆற்றோரம் கொட்டி, ஒவ்வொரு துணியாக விரித்து, கரையைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். கூட வந்த செவலை நாய் வகுப்பு வாசலில் படுத்துக்கொண்டது. பிள்ளைகள் வெளியே போகப் பயந்தார்கள்.

"வேற துணி எதுவும் இருக்குதா டீச்சரம்மா?" என்றான் ஒருவன்.

"பள்ளிக்கூடத்துல இருந்ததெல்லாம் அம்புட்டுதான்" என்றேன். பொய் இல்லை. அது பள்ளிக்கூடத்தில் இல்லை. எங்கே இருக்கிறது என்று இனிமேல் உனக்குக்கூட எழுதமாட்டேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே நீதான் உன் கட்சிக்காரரிடம் வேட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். வக்கீல் கேட்பதில்லை என்று எனக்குப் பாடம் சொல்லிவிட்டு நீயே போய்க் கேட்டிருக்கிறாய்.

இன்னொன்று. நேற்று சங்கிலியம்மாள் என்று ஒருத்தி வந்தாள். சுருளியாண்டியின் மனைவி. கோம்பையில் இருக்க முடியாமல் குச்சனூரில் உறவுக்காரர் வீட்டுக்கு அவரையும் அழைத்து வந்துவிட்டாளாம். நான் மனு எழுதிக் கொடுப்பேன் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறாள்.

"சாச்சி சொல்லப் போன மனுசன கொலகாரனாக்கிட்டாக டீச்சரம்மா. வெட்டுனது நீதானன்னு போலீசு வீட்டுக்கு வந்து கேக்குது. ரெண்டு நாளா சோறு தொடல. அந்த வக்கீல் கேட்ட கேள்வியில மண்டையே கொழம்பிப் போச்சு. அவன் நல்லா இருக்க மாட்டான்."

அந்த வக்கீல் யார் என்று அவளுக்குத் தெரியாது. நான் மனு எழுதிக் கொடுத்தேன். அப்படி என்னதான் கேட்டாய் அந்த மனிதரை?

மதலேனாள்

*

மதுரை
25-11-1935

அக்கா,

ஆமாம், கேட்டேன். துண்டின் குறியைப் பார்த்த அன்று அடக்க முடியவில்லை. "நீங்கள் விட்ட வேட்டியை யாராவது எடுத்திருந்தால்?" என்று கேட்டுவிட்டேன். உன் பெயர் சொல்லவில்லை. அவர் சிரித்தார்.

"அதத் தொடுறதுன்னா கீழாத்துல இருக்கிற வேதக்காரப் பொம்பளைகதான் தொடணும். நம்ம வக்கீலய்யாவுக்கு அங்கன அக்கா ஒருத்தவுக டீச்சரா இருக்காகள்ல. சனி பிடிச்ச துணி ஆகாதுன்னு சொல்லிவிடுங்க" என்றார்.

உனக்கு ஆள் அனுப்புவார் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். இரவில் கதவைச் சாத்திக்கொள். துணைக்கு ஆள் வைத்துக்கொள்.

சுருளியாண்டியை என்ன கேட்டேன் என்கிறாய். பத்தொன்பதாம் தேதி மதியம் ஒன்றரை மணி நேரம் கேட்டேன். பொழுது எவ்வளவு சாய்ந்திருந்தது, சூரியன் மலைக்கு மேலா கீழா? பார்த்தது முகமா முதுகா? கரை சிவப்பா பச்சையா? அதே வேட்டி ஊரில் இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறது? எத்தனை அடி தூரம்? அவன் கோர்ட்டுச் சுவரைக் காட்டினான், நான் அளந்து பார்க்கச் சொன்னேன், தப்பாக இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கடைசியில், "அப்ப நான் பாத்தது அவகதானான்னு எனக்குத் தெரியலங்க சாமி" என்றான். சீனியர் வக்கீல்கள் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் அப்போது என் கோட்டுப் பையில் இருந்தது. அவன் பார்த்தது சரி என்று அந்தக் கோர்ட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். வெட்கமாக இருக்கிறது அக்கா. ஆனால் கேட்கும்போது வெட்கம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகக் கேட்கிறோம் என்ற எண்ணம்தான் இருந்தது.

அரசாங்கத் தரப்பில் இன்னும் இரண்டு சாட்சிகள். அதன்பின் கருத்தக்கண்ணன் வெளியே வந்துவிடுவார். போலீசார் அடுத்து சுருளியாண்டியைப் பிடிப்பார்கள்.

பிலவேந்திரன்

*

27-11-1935

சேசு மரி சூசை

தம்பிக்கு,

உன்னைத் திட்டுவதற்கு இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். நீ உன்னைத் திட்டிக்கொண்டதே போதும்.

நேற்று உத்தமபாளையம் போய் இன்ஸ்பெக்டரிடம் வேட்டியைக் கொடுத்துவிட்டேன். அவர் அதை மேஜை மேல் விரித்தபோது ஸ்டேஷனே எழுந்து வந்து பார்த்தது. கோம்பை வண்ணார் சின்னக்கருப்பைக் கூப்பிட்டுவிட்டிருக்கிறார். கிழிந்த கரையை மதுரையிலிருந்து வாங்கி வைத்துப் பார்க்க வேண்டுமாம். எனக்கும் சம்மன் வரும். நான்காம் தேதி கூண்டில் ஏற வேண்டியிருக்கும் என்றார்.

மதகில் கிடைத்தது, கறை இருந்தது, குறி இருந்தது, கொண்டுவந்து கொடுத்தேன் என்று சொல்வேன். உன் கடிதத்தைப் பற்றி நானாகச் சொல்லமாட்டேன். யாராவது கேட்டால், பைபிளைத் தொட்டபின் என்னால் பொய் சொல்ல முடியாது. அதை உனக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பில் நின்று என்னைக் கேள்வி கேட்கப் போவது நீயா? நீயானால் கேள். எனக்குப் பயமில்லை. பயமில்லை என்று எழுதிவிட்டேனே தவிர, நேற்றிலிருந்து ஜெபமாலையை எண்ணினால் நடுவில் விட்டுப்போகிறது.

மதலேனாள்

*

மதுரை
29-11-1935

அக்கா,

உன்னைக் கேள்வி கேட்கப் போவது நான் இல்லை. இன்று ஜட்ஜிடம் அனுமதி கேட்டு வழக்கிலிருந்து விலகிக்கொண்டேன். காரணம் கேட்டார். சொந்தக் காரணம் என்றேன். திண்டுக்கல்லிலிருந்து வேறொரு வக்கீல் வருகிறார். கருத்தக்கண்ணன் கோபப்படவில்லை. "போயிட்டு வாங்க. உங்க கடுதாசி எதுவும் அக்காகிட்ட இருக்குதான்னு மட்டும் பாத்துக்கங்க" என்றார். அவருக்கு எல்லாமே தெரிகிறது.

புது வக்கீல் என்ன செய்வார் என்று சொல்கிறேன், அவர் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்வேன். நீ கோர்ட்டில் பேர் அடிபட்ட கரையைப் பற்றித் தம்பியிடமிருந்து தெரிந்துகொண்டு, ஒரு வேட்டியைக் கிழித்துக் கறையும் குறியும் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாய் என்பார். வக்கீலும் அக்காளும் சேர்ந்து செய்த சதி என்பார். அதற்குப் பதில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. என் முதல் கடிதம். நீ வேட்டியைப் பற்றி வாய் திறப்பதற்கு நான்கு வாரம் முன்பே, அவர் தன் வாயாலேயே ஆற்றில் விட்டதாகச் சொன்னது அதில் இருக்கிறது. தபால் முத்திரையில் தேதியும் இருக்கிறது. அதைப் படிக்கலாமா கூடாதா என்று வக்கீல்கள் அரை நாள் சண்டை போடுவார்கள். போடட்டும்.

கிழித்துவிடச் சொன்னேனே, கிழித்தாயா? நீ எதையும் சுலபத்தில் கிழிப்பவள் இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இருந்தால் உறையோடு கொண்டு வா. கேட்டால் தயங்காமல் எடுத்துக் கொடு. தயங்கினால் நம்பமாட்டார்கள். என் சன்னதைப் பற்றி நினைக்காதே. நான் அதைப் பற்றி நினைத்துத்தான் இவ்வளவும் ஆயிற்று.

தேனியிலிருந்து காலை ரயிலில் வா. ஸ்டேஷனில் நிற்பேன்.

பிலவேந்திரன்

*

21-12-1935

சேசு மரி சூசை

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. சன்னது விஷயமாக ஹைகோர்ட்டிலிருந்து உனக்கு நோட்டீஸ் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். வரும் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் படித்தபோது அழுதேன். கூண்டில் நான் அந்த உறையை எடுத்து நீட்டியபோது நீ பின்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாய். நிமிர்ந்து பார்ப்பாய் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அந்தக் கிழிசலை வேட்டியோடு சேர்த்து வைத்தபோது இழைக்கு இழை பொருந்தியதையாவது பார்த்தாயா என்று தெரியவில்லை.

தூக்கு என்ற தீர்ப்பைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு உயிருக்கு இன்னொரு உயிர். கருத்தக்கண்ணனுக்காகவும் பூசையில் வேண்டிக்கொள்கிறேன். அந்தச் செவலை நாய் கோம்பையிலிருந்து குச்சனூர் வரைக்கும் ஓடி வந்து வண்டி நின்ற இடத்தில் படுத்திருப்பதாகப் பொன்னாத்தாள் சொன்னாள்.

நான் எழுத வந்தது வேறு. சுருளியாண்டி நேற்றுப் பள்ளிக்கு வந்தார். நன்றி சொல்ல வந்தார் என்று நினைத்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"டீச்சரம்மா, அன்னைக்கு நான் பாத்தது அவகளத்தானா?" என்றார்.

கோர்ட்டே சொல்லிவிட்டதே என்றேன்.

"கோர்ட்டு சொல்லுது. வேட்டி சொல்லுது. என் கண்ணு சொல்ல மாட்டேங்குது. அந்த வக்கீலய்யா கேட்டதுலருந்து எதப் பாத்தாலும் சந்தேகமா இருக்கு. தீர்ப்பானதும் ஊருக்குத் திரும்பிட்டோம். முறை யாருக்குன்னு தெரியாம நேத்து தண்ணிய வேற வயலுக்குத் திருப்பிவிட்டேன். பொழுது சாஞ்சா எதுக்க வாரது எம் பொஞ்சாதியான்னுகூட கொரல் குடுத்துக் கேக்குறேன். நீர்பாய்ச்சி வேல இனி எனக்கு வேணாம்னுட்டாக."

எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. அந்த வக்கீல் என் தம்பி என்று சொன்னேன். அடிக்க வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் கோபப்படவே இல்லை. முகம் கொஞ்சம் தெளிந்தது. உன்னைப் பற்றித் தெரிந்துகொண்டதில் அவருக்கு ஏதோ நம்பிக்கை வந்ததுபோல இருந்தது.

"அப்ப அவகளுக்குத் தெரிஞ்சிருக்கும்ல" என்றார். "நான் சரியாத்தான் பாத்தேன்னு அன்னைக்கே அவகளுக்குத் தெரியுமான்னு கேட்டுச் சொல்லுங்க. தெரியும்னு அவுக வாயால சொன்னா எனக்குப் போதும்."

உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். உன் கடிதமே இருக்கிறது. ஆனாலும் அதை எடுத்துப் படித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை. இருபத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திரும்ப வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கேட்டு வைக்கிறேன் என்று நானும் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை ரயிலில் நீ வந்துவிடு.

அக்கா,
மதலேனாள்